ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும்: வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து தமிழ்நாட்டில் நடத்தும் ஒரு சிறு குழுவில், வரும் போன்களுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு. ஊர் மாறும், குரல் மாறும், சந்தேகம் மட்டும் ஒன்றேதான். அதனால் கேட்பவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

தெரபி, சான்றிதழ் பற்றித்தான் நிறைய பேர் கேட்கிறார்கள். தெருவையும் சொந்தபந்தத்தையும் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் பிள்ளை பெரியவனான பிறகு அவன் வாழ்க்கை எப்படிப் போகிறது என்பதை அதிகம் தீர்மானிப்பது இந்த இரண்டாவதுதான். அதனால் அந்தக் கேள்விகளுக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் இடம்.

1. ஆட்டிசம்னா மூளை வளர்ச்சி இல்லைன்னு அர்த்தமா? கற்றல் குறைபாடும் அதுவும் ஒண்ணா?

இல்லை, மூன்றும் வேறு வேறு. பிறரோடு பழகுவது, பேசுவது, சத்தம், வெளிச்சம், தொடுதலை உணர்வது ஆகியவற்றில் வரும் வித்தியாசம் ஆட்டிசம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும், தினசரி ஒழுங்கு மாறினால் தவித்துப்போவதும் அதில் சேரும். புதிதாக ஒன்றைக் கற்பதும், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வதும் வயதுக்கு ஏற்றபடி வராமல் இருப்பது அறிவுசார் குறைபாடு. புத்தி நன்றாக இருந்தும் எழுத்தோ வாசிப்போ கணக்கோ மட்டும் தடுமாறினால் அது கற்றல் குறைபாடு.

ஒரே பிள்ளைக்கு இரண்டு சேர்ந்து இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த மூன்றையும் தன் 21 வகைகளில் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் ஆட்டிசமே கிடையாது. உங்கள் அம்மா காலத்தில் இந்தப் பெயரை யாரும் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

2. மூணு வயசாகுது, இன்னும் பேசலை. அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்னு மாமியார் சொல்றாங்க. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் பேச்சை மட்டும் பார்க்காதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா, இல்லை உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன்மேல் வைக்கிறானா? மாடியில் காக்கா உட்கார்ந்தால் “பாரு” என்பதுபோல உங்களைத் திரும்பிப் பார்க்கிறானா? பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோனதா? இதில் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை. முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்வார்கள். அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

சீக்கிரம் போனதால் யாரும் எதையும் இழந்ததில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதியாகத் திரும்பலாம்.

3. நான் கர்ப்பமா இருக்கும்போது ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? தடுப்பூசியாலயா? போன் பார்த்ததாலயா?

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது. பாசமில்லாத தாயால் இது வருகிறது என்று ஒரு காலத்தில் வெளிநாட்டு நிபுணர்களே சொன்னார்கள். அது தவறு என்று எப்போதோ தள்ளிவிட்டார்கள், ஆனால் நம் வீடுகளில் மருமகள்மேல் விழும் பழி மட்டும் இன்னும் போகவில்லை.

தடுப்பூசிக் கதை 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. எழுதிய மருத்துவர் பிரிட்டனில் மருத்துவம் பார்க்கும் உரிமையை இழந்தார். பிறகு லட்சக்கணக்கான குழந்தைகளை ஆராய்ந்தும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் நாள் முழுக்கப் போனோடு இருக்கும் பிள்ளைக்கு மனிதர்களோடு பழகும் நேரம் போய்விடும், அதனால் குறையுங்கள்.

4. எவ்வளவு நாள்ல சரியாகும்? ஸ்டெம்செல் போட்டா குணமாகுதாமே? கோவில்ல கொஞ்ச நாள் விட்டுவைக்கச் சொல்றாங்களே?

இது காய்ச்சல்போல வந்து போவதில்லை. பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி), சிறப்புக் கல்வி ஆகியவற்றால் பிள்ளை நிறையக் கற்றுக்கொள்வான், ஆனால் ஆட்டிசத்தோடுதான் வளர்வான். “ஆறு மாதத்தில் குணம்” என்று யார் சொன்னாலும் பையை மூடிக்கொண்டு எழுந்து வாருங்கள். ஸ்டெம்செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பக்கமிருந்தே சொல்லிவிட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டுவிட்டு வந்தவர்களின் அழுகையை நான் கேட்டிருக்கிறேன்.

சாமி கும்பிடுவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். பிள்ளையை எங்கோ கட்டிவைத்து விட்டுவிட்டு வருவது வேறு விஷயம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டவர்களும் குணமாகட்டும் என்றுதான் விட்டிருப்பார்கள்.

5. எங்க ஊர்ல தெரபி சென்டரே இல்லை. வாரா வாரம் சென்னைக்கு வர முடியுமா?

முடியாது, வரவும் வேண்டாம். ஒரு முறை முழுமையாகப் பரிசோதிக்க முட்டுக்காட்டில் உள்ள தேசிய பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனத்துக்கு வந்துவிட்டுப் போகலாம். தினசரிப் பயிற்சி வீட்டில், உங்கள் கையால் நடக்க வேண்டும். சென்னை மதுரம் நாராயணன் மையம் 1989இல் தொடங்கியதிலிருந்தே தாயைப் பயிற்றுநராக்கும் முறையில்தான் சிறு குழந்தைகளோடு வேலை செய்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்புகிறது. அரசும் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்து வருகிறது. உங்கள் வட்டாரத்தில் இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

6. சர்டிபிகேட் எடுத்தா வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?

இந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் அட்டையும் உங்கள் பீரோவில் இருக்கப்போகின்றன, பிள்ளையின் நெற்றியில் அல்ல. அவை இல்லாமல் அடுத்த கேள்வியில் சொல்லும் எதுவும் கிடைக்காது.

அரசு மருத்துவமனையிலோ மாவட்ட முகாமிலோ மருத்துவக் குழு பரிசோதிக்கும். ஆட்டிசத்துக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். 70க்குக் கீழே மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். முகாம் கூட்டத்தில் பிள்ளை மிரண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவான், பார்க்கிறவருக்கு அடக்கமான பையன் என்று தோன்றும். அதனால் வீட்டில் சாப்பிடுவது, குளிப்பது, கோபம் வருவது எல்லாவற்றையும் போனில் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் சான்றிதழில் எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் “புற உலகச் சிந்தனையற்றோர்” என்று இருந்தால் பதற வேண்டாம், ஆட்டிசத்தைத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

7. அட்டை வந்தாச்சு. இதனால என்ன கிடைக்கும்?

அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். சாதாரண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதற்குள் வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்கிறவர்கள்தான் அதிகம், காலண்டரில் குறித்துவையுங்கள். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு பிள்ளையைப் பராமரிப்பதற்காக 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு.

8. பக்கத்து ஸ்கூல்ல “எங்களால பார்த்துக்க முடியாது, ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்க”ங்கிறாங்க.

அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. எது என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், தலைமையாசிரியர் அல்ல. மறுப்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் அந்த ஒரு வார்த்தையிலேயே பேச்சு மாறிவிடும். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பள்ளிக்கு வரவழைக்கலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பிள்ளை ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் தாக்குப்பிடித்தாலும் பக்கத்துப் பள்ளிக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. அதே தெருப் பிள்ளைகள்தான் நாளைக்கு அந்தத் தெருவின் பெரியவர்கள்.

9. கல்யாணம், திருவிழான்னு எங்கேயும் கூட்டிட்டுப் போறதில்லை. ஜனங்க பார்க்கிற பார்வை தாங்கலை.

பார்வை வலிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் போகாமலே இருந்தால் சொந்தக்காரர்களுக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாமலே போய்விடும். கேள்வி 15க்கு வரும்போது அது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும்.

முழுக் கல்யாணத்துக்கும் இருக்க வேண்டியதில்லை. முதல் பந்திக்குப் போங்கள், ஓரத்து இலையில் உட்காருங்கள். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுங்கள், அல்லது காதை மூடும் ஹெட்போன் மாட்டிவிடுங்கள். முந்தைய நாளே மண்டபத்தின் போட்டோவைக் காட்டி “இங்கே போறோம், சாப்பிடறோம், வந்துடறோம்” என்று சொல்லிவையுங்கள். திருவிழாவில் வெடியும் கூட்டமும் இருக்கும் ராத்திரியை விட்டுவிட்டு மறுநாள் காலை போகலாம். சித்தப்பா, அத்தை யாராவது ஒருவரிடம் முன்பே பேசி, அரை மணி நேரம் அவர் கூட இருக்கட்டும். நீங்களும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடலாம்.

10. தெருவுல யார்கிட்ட சொல்றது? என்னன்னு சொல்றது? நாமளே ஊருக்கு டமாரம் அடிக்கணுமா?

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். பிள்ளை தினமும் கடக்கும் வழியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் போதும்: மளிகைக் கடை, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மருந்துக் கடை, சலூன், எதிர்வீட்டுப் பாட்டி, அபார்ட்மென்ட் வாட்ச்மேன். நோயின் பெயரில் ஆரம்பிக்காமல் பிள்ளையின் பெயரில் ஆரம்பியுங்கள். “இவன் பேர் இது. கேட்டா பதில் வராது, ஆனா நீங்க சொல்றது புரியும். காதைப் பொத்தினா சத்தம் தாங்கலைன்னு அர்த்தம். தனியா பார்த்தா கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க.” இவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் “அப்படியா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம் அந்த அறிமுகத்தைப் பயன்படுத்த வேண்டும். மளிகைக் கடையில் தொடங்குங்கள். முதலில் நீங்கள் கூடப் போய், அவன் கையால் சீட்டைக் கொடுக்கச் செய்யுங்கள். சீட்டில் பால் பாக்கெட் படம், கையில் சரியான சில்லறை. பழகிய பிறகு நீங்கள் வாசலில் நில்லுங்கள், பிறகு தெருமுனையில். அண்ணாச்சி அவசரப்படாமல் ஒரு நிமிடம் காத்திருந்தால் அதுவே அவர் செய்யும் பெரிய உதவி. கூட்டமில்லாத மதிய நேரம் எது என்று அவரிடமே கேளுங்கள்.

முடி வெட்டுவது பல வீடுகளில் பெரிய போராட்டம். சலூனுக்கு ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம். வாரநாள் மதியம் போய், முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மட்டும் வாருங்கள். அடுத்த தடவை கழுத்தில் துணி, அதற்கடுத்து கத்தரி. மிஷின் சத்தம் ஆகாது என்றால் கத்தரியாலேயே வெட்டச் சொல்லுங்கள். அந்த வெறும் உட்காரலுக்கும் கடைக்காரருக்குக் காசு கொடுங்கள், அவர் நேரமும் நேரம்தானே.

11. கதவு திறந்திருந்தா வெளிய ஓடிடறான். பயமா இருக்கு.

கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். உங்கள் போன் எண்ணைக் காப்பில் பொறித்துக் கையில் மாட்டுங்கள், அல்லது சட்டையின் உட்புறம் தைத்துவிடுங்கள். காணோம் என்றால் முதலில் ஓட வேண்டிய இடம் கிணறு, குளம், வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர்மேல் பெரிய ஈர்ப்பு. ஒருவர் அங்கே ஓடும்போதே இன்னொருவர் அவசர உதவி எண் 112க்குப் போன் செய்யட்டும், குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கும். கேள்வி 10இல் சொன்ன ஆட்களின் எண்களை ஒரே வாட்ஸ்அப் குழுவில் வைத்திருந்தால் அவன் போட்டோ ஒரு நொடியில் போய்விடும். நீச்சல் கற்றுத் தர முடிந்தால் கற்றுத் தாருங்கள்.

12. நான் பக்கத்து வீட்டுக்காரன். அந்தப் பையன் கத்தும்போது என்ன செய்யறதுன்னு தெரியலை. போய் கேட்டா தப்பா எடுத்துப்பாங்களோ?

கேளுங்கள். “ஏன் இப்படிக் கத்தறான்?” என்று கேட்காமல் “நான் ஏதாவது பண்ணணுமா?” என்று கேளுங்கள். பொது இடத்தில் பிள்ளை தரையில் விழுந்து அழுதால் சுற்றி நிற்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். “ரெண்டு அடி போட்டா சரியாயிடும்” என்ற யோசனையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அது அடம் இல்லை, தாங்க முடியாமல் உடைந்துபோகிற நேரம். கூட்டத்தை விலக்கிவிடுவதும், சத்தமாக ஓடும் டிவியைக் குறைப்பதும், கூடவே நிற்கும் சின்னத் தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வதும் பெரிய உதவி.

உங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அந்தப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். எத்தனையோ வீடுகளுக்கு அந்த அழைப்பு ஒரு தடவைகூட வந்ததில்லை.

13. பொண்ணு வயசுக்கு வந்துட்டா. அவளால பார்த்துக்க முடியலை. கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு ஒருத்தர் சொன்னார்.

வேண்டாம். அவளுடைய சுதந்திரமான, தெரிந்து தரும் சம்மதம் இல்லாமல் குழந்தைப் பேற்றை இல்லாமலாக்கும் சிகிச்சை செய்யக் கூடாது என்று 2016 சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. மாதவிலக்கைக் கற்றுத் தர முடியும். நாப்கின் வைப்பது, மாற்றுவது, காகிதத்தில் சுற்றிப் போடுவது, கை கழுவுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து குளியலறைச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். நாள் வருவதற்கு முன்பே பழக்கினால் துணி மாதிரி உறுத்தும் ஒன்று உள்ளாடையில் இருப்பதற்கு உடம்பு பழகிவிடும்.

கர்ப்பப்பையை எடுத்தால் பாலியல் தொல்லை நின்றுவிடாது. யார் எங்கே தொடலாம், யார் முன்னால் உடை மாற்றலாம், “வேணாம்” என்பதை எப்படிக் காட்டுவது என்று சொல்லித் தர வேண்டும். பையன்களுக்கும் இதே பாடம்தான். தொட்டவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் மூடி மறைக்காதீர்கள். 18 வயதுக்குள் என்றால் போக்சோ சட்டப்படி புகார் செய்ய வேண்டும்.

14. 18 ஆயிடுச்சு. பேங்க்ல “கார்டியன் சர்டிபிகேட் கொண்டுவாங்க”ங்கிறாங்க. பெத்தவங்க நாங்க இருக்கும்போது எதுக்கு?

18 வயதோடு சட்டப்படி உங்கள் காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். அந்தச் சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும். சொத்து இருந்தால் 6 மாதத்துக்குள் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் காப்பாளர் தர வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் 18 ஆனதுமே எல்லோருக்கும் காப்பாளர் கட்டாயமில்லை. கொஞ்சம் உதவினால் தானே முடிவெடுக்கக் கூடியவர் என்றால் அவர் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும், தானே கையெழுத்துப் போடட்டும்.

15. எங்களுக்கு அப்புறம் யார் பார்த்துப்பாங்க?

எந்த நேரத்தில் போன் வந்தாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. காகிதத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. உயில் எழுதுங்கள். சொத்தை நேரடியாகப் பிள்ளை பெயரில் எழுதுவதைவிட அவன் நலனுக்காக ஒரு தனியார் அறக்கட்டளை ஏற்படுத்தி, அதில் ஒருவருக்கு மேல் பொறுப்பாளர்கள் இருப்பது நல்லது. வழக்கறிஞரோடு உட்கார்ந்து செய்யுங்கள். அரசு ஊழியர் என்றால் தானே சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போதே பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். உங்களுக்கு அடுத்த காப்பாளர் யார் என்று இப்போதே பேசிவைத்திருங்கள்.

இல்லம் என்றால், இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்லாமல் ஒரு மதியம் போய்ப் பாருங்கள். படுக்கை, கழிவறை, சாப்பாடு, வருபவர்களைப் பார்த்து அங்கே இருப்பவர்கள் சிரிக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் இருக்கும்போதே மாதத்தில் ஓரிரு நாள் அங்கே தங்கிப் பழகட்டும்.

ஆனால் இல்லத்தை மட்டும் நம்ப வேண்டாம். சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது. இந்தியா 2007இல் ஏற்ற, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. நடைமுறையில் இது, உங்கள் பிள்ளையின் பெயர், பிடித்த சாப்பாடு, பயம் எல்லாம் தெரிந்த ஏழெட்டுப் பேர் அந்த ஊரில் இருக்கிறார்களா என்பதுதான். கேள்வி 9, 10இல் சொன்னதெல்லாம் இதற்காகத்தான்.

16. அண்ணன் தங்கச்சி பார்த்துக்க மாட்டாங்களா? அதுக்குத்தானே ரெண்டாவது பெத்தோம்?

தங்கையிடம் இதைச் சொல்லி வளர்க்காதீர்கள். சின்ன வயதிலேயே தலையில் பாரம் ஏறிவிட்டால் பாசம் கசந்துபோகும். அவளுக்கு அவளுடைய படிப்பு, கல்யாணம், ஊர் என்று ஒரு வாழ்க்கை வேண்டும். அண்ணனுக்கு என்ன குறைபாடு என்பதை வயதுக்கேற்ப உண்மையாகச் சொல்லுங்கள், வாரத்தில் கொஞ்ச நேரமாவது அவளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். 18 தாண்டிய பிறகு, எந்தப் பொறுப்பை எடுக்க முடியும், எதை எடுக்க முடியாது என்று அவளிடமே கேளுங்கள். தினசரிப் பராமரிப்பு முடியாது, கணக்கு வழக்கை மட்டும் பார்க்கிறேன் என்றால் அதுவும் பெரிய பங்குதான்.

17. படிப்பு முடிஞ்சு வீட்லயே இருக்கான். வேலை கிடைக்குமா?

அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ளிட்டோருக்குச் சேர்த்து உண்டு. ஆனால் பலருக்கும் முதல் வேலை தெரிந்த ஒருவர் மூலமாகத்தான் கிடைக்கிறது. வரிசையாக அடுக்குவது பிடித்தவனுக்கு மருந்துக் கடை அலமாரி, திரும்பத் திரும்பச் செய்வது சலிக்காதவனுக்கு பேக்கிங், செடிகள் பிடித்தவனுக்கு நர்சரி. இரண்டு மணி நேர வேலையாக இருந்தாலும் கூலி கொடுக்கச் சொல்லுங்கள். “சும்மா வந்து இருக்கட்டும்” என்பது வேலை ஆகாது.

18. எங்க பக்கம் பெற்றோர் குழுவே இல்லை. நான் ஒருத்தி என்ன பண்ண முடியும்?

சான்றிதழ் முகாமிலும் தெரபி வரிசையிலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் எண்ணை வாங்குங்கள். மூன்று குடும்பம் சேர்ந்தால் குழுதான். மாதம் ஒரு ஞாயிறு, பார்க்கிலோ பள்ளி வளாகத்திலோ, பிள்ளைகளோடு கூடுங்கள். அப்பாக்களையும் வரவையுங்கள், அவர்கள் வராத குழு சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒருவருக்கு உடம்பு முடியாதபோது இன்னொருவர் பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வது என்ற ஒரே ஏற்பாட்டோடு தொடங்கினாலும் போதும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஐந்து குடும்பம் சேர்ந்து போனால் மனு வேகமாக நகரும். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் சட்டம் வந்திருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் தேடிப் போய்ப் பாருங்கள். சறுக்குப் பாதை, சக்கர நாற்காலி பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆட்டிசம் பற்றி நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். போகும்போது பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள்.